கொற்றன் போன ஊரும் கோட்டைமேடும்

எகிப்தில் நைல் ஆற்றின் மேற்குக் கரையில், மன்னர்களின் பள்ளத்தாக்கு எனப்படும் மொட்டை மலைகளுக்கு நடுவே, ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழர் சுற்றித் திரிந்திருக்கிறார். பெயர் சிகைக் கொற்றன். ஐந்து அரச கல்லறைகளுக்குள் நுழைந்து, எட்டு இடங்களில் தன் பெயரைத் தமிழ் பிராமி எழுத்தில் கீறி வைத்துவிட்டு வந்திருக்கிறார். ஆய்வாளர்கள் சார்லட் ஷ்மிட்டும் இங்கோ ஸ்ட்ரௌக்கும் இதைப் படித்து, சென்னையில் நடந்த கல்வெட்டியல் மாநாட்டில் அண்மையில் வெளியிட்டார்கள். அந்தக் கல்லறைகளில் இந்தியர்கள் எழுதியவை முப்பது அளவில் கிடைத்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தமிழ். காலம் கி.பி. 1 முதல் 3-ஆம் நூற்றாண்டு வரை. செய்தியைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கொற்றன் எந்தத் துறையில் கப்பலேறினார் என்று அந்தக் கீறல்கள் சொல்லவில்லை. போன வழியை மட்டும் ஓரளவு ஊகிக்கலாம். தென்மேற்குப் பருவக்காற்றில் இங்கே வந்த கப்பல்கள் வாடைக்காற்று தொடங்கியதும் செங்கடலுக்குத் திரும்பும். பெரெனிகே, மியோஸ் ஹோர்மோஸ் என்ற துறைகளில் சரக்கை இறக்கி, ஒட்டகத்தில் ஏற்றிப் பாலைவனத்தைக் கடப்பார்கள். பெரெனிகேயிலிருந்து நைல் கரையிலிருந்த கோப்டோஸ் சந்தைக்குப் 12 நாள் பயணம் என்று ரோமானியரான பிளினி எழுதி வைத்திருக்கிறார். கோப்டோஸிலிருந்து ஆற்றில் கொஞ்ச தூரம் மேலே போனால் தீப்ஸ். இன்றைய லக்சர் அதுதான். வியாபாரத்துக்குப் போன மனிதர் வேலை முடிந்ததும் ஊர் பார்க்கக் கிளம்பியிருக்க வேண்டும். அவர் பார்த்த நாளிலேயே அந்தக் கல்லறைகளுக்கு ஆயிரம் வயதுக்கு மேல் ஆகியிருந்தது. கிரேக்கரும் ரோமரும் கூட்டம் கூட்டமாக வந்து போன இடம் அது. அவர்கள் சுவர்களில் எழுதியவை மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. ஜூல் பாயே என்ற பிரெஞ்சு அறிஞர் அவற்றையெல்லாம் தொகுத்து முடித்தது 1926-ல். அந்தக் கூட்டத்துக்கு நடுவே நம்மவர்களும் நின்றிருக்கிறார்கள்.

இன்று ஒருவர் அப்படிக் கீறினால் குற்றம்; குற்றமாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் கொற்றனின் எழுத்துகளை நினைக்கும்போது என் மனம் நெகிழ்கிறது. வந்தேன், பார்த்தேன் என்று சொல்ல ஒரு மனிதருக்கு எவ்வளவு ஆசை இருந்திருந்தால் எட்டு இடங்களில் எழுதியிருப்பார்!

இந்தச் செய்தி வெளிவருவதற்கு முன்பே, எங்கள் பக்கத்திலிருந்து கிளம்பிய ஒரு குழுவோடு நான் எகிப்துக்குப் போயிருந்தேன். இராமநாதபுரத்து ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கீழக்கரையிலிருந்து ஒரு குடும்பம், தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பதி எனப் பல ஊர்க்காரர்கள். எகிப்துப் பயணம் எங்கள் கடற்கரைக்குப் புதிதல்ல. கிறித்தவர்கள் பலர் புனித பூமிக்குப் போகும்போது கெய்ரோவில் இறங்கி, பிரமிடைப் பார்த்துவிட்டு, சீனாய் மலை ஏறி, அப்புறம்தான் ஜெருசலேம் போவார்கள். எங்கள் பயணம் நைல் ஆற்றோடு நின்றது. கீசா, லக்சர், எட்ஃபு, கோம் ஓம்போ, அஸ்வான், கடைசியாக அபு சிம்பெல்.

அபு சிம்பெலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அஸ்வான் உயர் அணை கட்டியபோது மூழ்க வேண்டிய கோயில் அது. 1964 முதல் 1968 வரை அதைத் துண்டு துண்டாக அறுத்து, சுமார் 65 மீட்டர் உயரத்தில் மறுபடி கட்டினார்கள். யுனெஸ்கோ கேட்டது, பல நாடுகள் பணம் கொடுத்தன. அந்தப் பணி நடந்துகொண்டிருந்த 1964 டிசம்பரில்தான் புயல் எங்கள் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போனது. அந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

நான் சொல்ல வந்தது கற்களைப் பற்றியல்ல. எங்களை அழைத்துப் போன கைடு ஓர் இளம்பெண். பண்டைய எகிப்தைப் பட்டப்படிப்பாகவே படித்தவர். அந்த நாட்டில் வழிகாட்டி வேலைக்குப் படிப்பும் வேண்டும், அரசு உரிமமும் வேண்டும். மன்னர்களின் பள்ளத்தாக்கில் கல்லறைக்குள் கைடுகள் நின்று விளக்கக் கூடாது என்று விதி. கூட்டம் நெரியும், ஓவியங்கள் கெடும். அதனால் அவர் எங்களை வெளியே நிழலில் உட்கார வைத்தார். கையோடு கொண்டு வந்த வரைபடத்தை விரித்து, எந்தச் சுவரில் எது, சூரியன் இரவில் பாதாளத்தைக் கடக்கும் பன்னிரண்டு மணி நேரங்கள் எந்த வரிசையில், எங்கே மேலே நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்று நிதானமாகச் சொல்லி முடித்து அனுப்பினார். உள்ளே போனபோது அந்தப் படங்கள் எங்களுக்குப் பேசின. அவர் சொல்லாமல் போயிருந்தால் நீலமும் மஞ்சளும் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்போம்.

தங்கச்சிமடத்து அக்கா என்னிடம், "தம்பி, எங்க ஊருப் பக்கம் இங்கிட்டு இருந்து கப்பல் வந்துச்சாமே, அதக் கொஞ்சம் அந்தப் பொண்ணுகிட்ட கேளுங்க" என்றார். கேட்டேன். அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. பெரெனிகேயின் செராபிஸ் கோயில் முற்றத்தில் தரையில் பதித்திருந்த இந்தியச் சாடியையும், அதற்குள் இருந்த ஏழரை கிலோ மிளகையும் சொன்னார். இரண்டாம் ராம்செஸ் மன்னரின் மம்மியின் மூக்குத் துளையில் மிளகு இருந்ததையும் சொன்னார். "அந்தக் கப்பல்கள் உங்கள் பக்கத்தில் எந்த ஊருக்கு வந்தன?" என்று திருப்பிக் கேட்டார். அழகன்குளம் என்றேன். எழுத்துக் கூட்டச் சொல்லிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எங்கள் குழுவில் பலருக்கு அந்த ஊரின் பெயர் தெரியும், அங்கே என்ன கிடைத்தது என்று தெரியாது. எல்லாரும் பேருந்தில் போய்வரும் தூரத்தில் வாழ்கிறவர்கள்.

அழகன்குளம் இராமநாதபுரத்துக்குக் கிழக்கே கடலோரக் கிராமம். பக்கத்து ஊர் ஆற்றங்கரை. வைகை அங்கேதான் கடலில் சேர்கிறது. ஊருக்குள் கோட்டைமேடு என்று ஒரு மேடு இருக்கிறது. தமிழகத் தொல்லியல் துறை 1986-87-ல் அங்கே தோண்டத் தொடங்கி, இடைவெளி விட்டு 2016-17 வரை பல கட்டங்களாக அகழ்ந்தது. மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது வந்த ஆம்போரா சாடிகளின் துண்டுகள், உருளையால் கோடுகள் பதித்த ரௌலட்டட் பானை ஓடுகள், தமிழ் பிராமியில் பெயர் எழுதிய ஓடுகள், இரண்டாம் வாலன்டினியன், தியோடோசியஸ், ஆர்க்கேடியஸ் காலத்து ரோமானியச் செப்புக் காசுகள் எல்லாம் கிடைத்தன. எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சிறு ஓடு. அதில் யாரோ ஒருவர் கப்பலைக் கோட்டுப் படமாகக் கீறியிருக்கிறார். பண்டைக் கப்பல்களைப் பற்றிய ஆய்வில் பெரிதும் மதிக்கப்படும் லயனல் காசன் அதைப் பார்த்துவிட்டு, மூன்று பாய்மரம் கொண்ட பெரிய ரோமானியக் கப்பல் என்றார். எகிப்துத் துறைகளிலிருந்து கிளம்பிய வகைக் கப்பல். நம் ஆள் ஒருவர் அங்கே போய்ப் பெயரைக் கீறினார், இங்கே ஒருவர் அவர்கள் கப்பலைக் கீறினார். இரண்டு கீறலும் ஒரே கடல்வழியின் இரு முனைகள்.

எகிப்துத் துறைகளில் கிடைத்த தமிழ் எழுத்துகளும் உண்டு. பெரெனிகேயில் கொற்றபூமான் என்று ஒரு பெயர் ஓட்டில் இருக்கிறது. மியோஸ் ஹோர்மோஸ் இருந்த குசெய்ர் அல் காதிமில் சாத்தன், கணன் என்ற பெயர்கள். அதே ஊரில் கிடைத்த இன்னொரு சாடித் துண்டில் 'பானை ஒறி' என்று எழுதியிருப்பதை ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார். பானையைத் தொங்கவிடும் உறி. செங்கடல் கரையில் நம் வீட்டு அடுக்களைப் பொருளுக்குத் தமிழில் பெயர் எழுதி வைத்த ஒரு குடும்பமோ கூட்டமோ வாழ்ந்திருக்கிறது. கி.பி. 1-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய பெரிப்ளஸ் நூல் பாண்டிய நாட்டு முத்துக்குளிப்பைச் சொல்கிறது. மன்னார் வளைகுடாவின் முத்துதான் அது.

இவ்வளவும் நூல்களில் இருக்கிறது. கோட்டைமேட்டில் போய் நின்றால் தென்னையும் கருவேலமும் வீடுகளும்தான். அகழ்ந்த குழிகளை மூடிவிட்டார்கள். மூடுவதுதான் முறை, திறந்து கிடந்தால் மழையில் கரைந்துவிடும். ஆனால் இங்கே என்ன இருந்தது என்று நின்று சொல்ல ஆள் வேண்டும். நான் போனபோதெல்லாம் அந்த ஆள் இல்லை.

இராமேஸ்வரத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், நிறைய. யாத்திரைக்கு வருகிறவர்களை 22 தீர்த்தங்களுக்கும் வரிசை பிசகாமல் கூட்டிப் போய், வாளியால் இறைத்து ஊற்றி, தரிசனம் செய்வித்து அனுப்பும் அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வந்தவர்கள் பிரகாரத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். மூன்றாம் பிரகாரத்தின் 1,212 தூண்களை எழுப்பிய வேலை முத்துராமலிங்க சேதுபதி காலத்தில், 18-ஆம் நூற்றாண்டில் நிறைவேறியது என்று அவர்களுக்கு யார் சொல்கிறார்கள்? சேதுபதிகளின் சிலைகள் அங்கே தூண்களிலேயே நிற்கின்றன. கும்பிடுகிறார்கள், கடந்து போகிறார்கள்.

ஒரு கைடு சொல்வது சாதாரண விஷயமல்ல. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் பெரிய பிரமிடைப் பார்க்கப் போனபோது, கூட வந்த மொழிபெயர்ப்பாளர் அதன்மேல் இருந்த எழுத்தைக் காட்டி, வேலையாட்களுக்கு முள்ளங்கி, வெங்காயம், பூண்டு வாங்க 1,600 தாலந்து வெள்ளி செலவானதாக எழுதியிருக்கிறது என்றார். ஹெரோடோட்டஸ் அதை அப்படியே எழுதிக்கொண்டார். இன்றும் உலகம் முழுக்க அதைப் படிக்கிறார்கள். உண்மையில் அந்த எழுத்தை அந்த மனிதர் படிக்கத் தெரிந்தவர்தானா என்பது சந்தேகம். சுற்றிக் காட்டுகிறவர் வாயிலிருந்து விழும் சொல் நூற்றாண்டுகள் நிற்கும். அதனால்தான் அதைப் படித்தவர் சொல்ல வேண்டும் என்கிறேன்.

இராமநாதபுரத்து அரண்மனையில் இராமலிங்க விலாசத்தை ஒரு தடவையாவது பாருங்கள். கிழவன் சேதுபதி காலத்துக் கட்டடம், முத்துவிஜய ரகுநாத சேதுபதி காலத்து ஓவியங்கள். சுவர் முழுக்க நிறம். தஞ்சை மராட்டியரோடு போர், ஐரோப்பியர் அரசரைச் சந்திக்கும் காட்சி, இராஜராஜேஸ்வரி அரசருக்குச் செங்கோல் தரும் காட்சி, இராமாயணம், பாகவதம். மன்னர்களின் பள்ளத்தாக்கில் வெளியே உட்கார வைத்து ஒவ்வொரு சுவரையும் சொன்ன அந்தப் பெண்ணைப் போல ஒருவர் இங்கே வாசலில் இருந்தால், அரை மணியில் ஒரு சீமையின் வரலாறு கண்முன் வந்துவிடும். அப்படி ஒருவர் இல்லாத நாளில் பள்ளிப் பிள்ளைகள் ஓடிப்போய் ஓடி வருகிறார்கள்.

ஆள் எங்கே கிடைப்பார் என்று கேட்பவர்களுக்குத் திருப்புல்லாணியைக் காட்டுவேன். அங்குள்ள அரசு மேல்நிலைப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்தில் மாணவ மாணவியர் பழைய எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள், பானை ஓடுகளை அடையாளம் காண்கிறார்கள். மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் விவசாயி வீட்டுப் பிள்ளைகளும்தான். இவர்களைப் போன்றவர்கள் பட்டப்படிப்பு முடித்ததும் சொந்த மண்ணிலேயே சம்பளத்துக்கு நின்று பேச ஒரு வேலை இருக்க வேண்டும்.

2025-26 தமிழக நிதிநிலை அறிக்கையில் இராமநாதபுரத்தில் பாண்டியரின் கடல் வணிகத்தைச் சொல்லும் நாவாய் அருங்காட்சியகம் 21 கோடி ரூபாயில் அமையும் என்று அறிவித்தார்கள். மனதார வரவேற்கிறேன். கெய்ரோ அருகே பெரிய எகிப்திய அருங்காட்சியகம் 2025 நவம்பரில் முறையாகத் திறக்கப்பட்டபோது, அந்தப் பொருள்களைப் பற்றிப் பேசத் தெரிந்த தலைமுறை ஒன்று அங்கே ஏற்கெனவே தயாராக இருந்தது. இங்கேயும் கட்டடத்துக்கு அடித்தளம் போடும் நாளிலேயே இருபது முப்பது பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, தொல்லியல், கல்வெட்டு, இந்தி, ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து, உரிமமும் ஊதியமும் தர வேண்டும். காசியிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வருகிற யாத்திரிகர்களுக்கு அவரவர் மொழியில் அழகன்குளத்தைச் சொன்னால் கேட்கத்தான் செய்வார்கள்.

இராமேஸ்வரம் வரும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். தரிசனம் முடிந்ததும் நேரே மதுரைக்குக் கிளம்பாதீர்கள். காலையில் இராமலிங்க விலாசம், பிற்பகலில் ஆற்றங்கரையும் அழகன்குளமும், வழியில் நேரமிருந்தால் தேவிபட்டினம். ஒரு பகல் போதும். அங்கே போய், விளக்கிச் சொல்ல ஆள் உண்டா என்று கேளுங்கள். கேட்பவர்கள் பெருகினால்தான் சொல்பவர்களை நியமிப்பார்கள்.