குழி பறிக்கும் கணக்கு

ஆபீஸில் பக்கத்து சீட்காரருக்குக் குழி பறிக்கப் பெரிய பிளான் எதுவும் வேண்டாம். ஒரு மொட்டைக் கடிதாசி போதும். இரும்புத் தாதுவுக்குக் குழி பறிப்பதுதான் பேஜாரான வேலை.

முதலில் கம்ப்யூட்டருக்குள் மலையை மைசூர்பாகு மாதிரி லட்சக்கணக்கான வில்லைகளாகப் போடுவார்கள். ஒவ்வொரு வில்லைக்கும் ஒரு விலை. தாது இருந்தால் லாபம். வெறும் பாறை என்றால் வெட்டிக் கொட்டும் செலவு, தண்டம். அடி வில்லை வேண்டுமானால் மேலே இருப்பதையெல்லாம் எடுத்தாக வேண்டும். சுவர் சரியாமலிருக்க ஓரங்களைச் சாய்வாக வெட்ட வேண்டும். எதை எடுத்து எதை விட்டால் கையில் அதிகம் நிற்கும்? 1965-ல் லெர்ச்ஸ், கிராஸ்மன் என்ற இருவர் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். சுரங்க சாஃப்ட்வேர்களுக்கு அதுதான் தாத்தா.

பேரன், செயற்கை நுண்ணறிவு. துளை போட்ட இடங்களை வைத்து, போடாத இடத்தில் என்ன இருக்கும் என்று ஊகிக்கிறான். எந்த லாரி எங்கே போகணும் என்று நொடிக்கு நொடி சொல்கிறான். ஆஸ்திரேலியாவின் பில்பராவில் ரியோ டின்டோ கம்பெனியின் ராட்சஸ லாரிகள் டிரைவர் இல்லாமலே ஓடுகின்றன. மேற்பார்வை, சுமார் 1,500 கிலோமீட்டர் தள்ளி பெர்த் நகரில். வழியில் டீக்கு ஓரங்கட்டும் பேச்சே கிடையாது.

எல்லாம் சரி சார், விலை போடாத வில்லையை என்ன செய்வது?

அதே பில்பராவில், ஜூக்கன் பள்ளத்தாக்கில் இரண்டு பாறைக் குகைகள். ஒன்றில் 46,000 வருஷத்துக்கு முன்பே மனிதர் புழங்கியிருக்கிறார்கள். அங்கே கிடைத்த 4,000 வருஷத்துத் தலைமுடிப் பின்னல், டி.என்.ஏ. சோதனையில், அந்த மண்ணின் இன்றைய பூர்வகுடிகளோடு உறவு சொன்னது.

சுரங்கத்துக்கு நாலு பிளான் இருந்தன. மூன்றில் குகை தப்பிக்கும். நாலாவதில் கூடுதலாக 80 லட்சம் டன் உயர்ரகத் தாது. எதை எடுத்தார்கள் என்று சொல்ல ஜோசியர் வேண்டாம். 2020 மே 24, டமார்! சட்டப்படி அனுமதி 2013-லேயே கையில் இருந்தது. ஊர் உலகம் திட்டித் தீர்த்தபின், செப்டம்பரில் தலைமை அதிகாரி உட்பட மூவருக்கு வேலை போகும் அறிவிப்பு வந்தது. குகை திரும்பி வரவில்லை.

அந்த நாலாவதைத் தேர்ந்தெடுத்தது மெஷின் இல்லை, மனுஷன். இந்த இடத்தைத் தொடாதே என்று ஒரு கோடு போட்டுக் கொடுத்தால், அதைச் சுற்றி அழகாகப் பிளான் போட்டுத் தரும் மெஷின். கோடு போட வேண்டியது நாம்.

இனி யாராவது, 'கம்ப்யூட்டர் அப்படித்தான் சொல்லுது' என்றால் மடக்கிக் கேளுங்கள்: 'கம்ப்யூட்டருக்கு நீ என்னய்யா சொன்னே?'