கடற்கரைக்கு அவரையும் அழைத்துச் செல்லுங்கள்

கோடை விடுமுறை தொடங்கியதும் எங்கள் புறநோயாளிகள் பிரிவில் கூட்டம் குறைந்துவிடுகிறது. தள்ளிப்போடக்கூடிய பரிசோதனைகளைத் தள்ளிப்போட்டுவிட்டுக் குடும்பங்கள் வெளியில் கிளம்புகின்றன. அது நல்லதே. ஆனால் இந்நாட்களில் மருந்து வாங்க வருவோரிடம் ஒரு பேச்சை அடிக்கடி கேட்கிறோம்: "எல்லோரும் கடற்கரைக்குப் போயிருக்கிறார்கள், அப்பாவுக்குத் துணையாக நான் மட்டும் இருந்துவிட்டேன்." நோயுற்றவரை வீட்டில் விட்டுச் சென்றால் விடுமுறையை இழப்பவர்கள் இருவர் என்பதை இப்பேச்சு உணர்த்துகிறது.

இதில் எங்கள் பிழையும் உண்டு. வீடு திரும்புவோரின் குறிப்பேட்டில் 'ஓய்வு தேவை' என்று எழுதுகிறோம். எத்தனை நாள், எவ்வகை ஓய்வு என்பதை எழுதுவதில்லை. பக்கவாதத்திற்குப் பின் இயன்முறை சிகிச்சைக்கு வந்த அம்மையார் ஒருவர் திருவல்லிக்கேணியில் வசிப்பவர். கடற்கரை அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆயினும் மூன்று ஆண்டுகளாக அவர் கடலைப் பார்க்கவில்லை. யார் தடுத்தார்கள் என்று கேட்டோம். "நீங்கள்தானே ஓய்வெடுக்கச் சொன்னீர்கள்?" என்றார். எங்களிடம் பதில் இல்லை.

மற்றொரு தடை மணல். மெரினாவின் அகன்ற மணற்பரப்பு தொன்றுதொட்டு இருந்ததன்று. 1870களில் சென்னைத் துறைமுகப் பணி தொடங்கிய பின், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணல் துறைமுகத்திற்குத் தெற்கே தேங்கியது. கடல் சாலையிலிருந்து விலகிப் போயிற்று. கிராண்ட் டஃப் ஆளுநராக இருந்தபோது 1880களில் அமைத்த நடைபாதையில் சக்கர நாற்காலி எளிதாகச் செல்லும். மணலில் இறங்கியதும் அதன் சிறிய முன்சக்கரங்கள் புதைந்துவிடும். அலையோசை கேட்கும், அலை தெரியாது.

இதற்குத் தீர்வாக, விவேகானந்தர் இல்லத்திற்கு எதிரே கடலை நோக்கி அமைந்த மரப்பாதை 2022 நவம்பர் இறுதியில் திறக்கப்பட்டது. அதன் நீளம் 263 மீட்டர், அகலம் 3 மீட்டர். இரு வாரங்களுக்குள் மாண்டஸ் புயல் அதன் கடல்முனையைச் சிதைத்தது, பின்னர் சீரமைக்கப்பட்டது. பெசன்ட் நகர்க் கடற்கரையிலும் இத்தகைய பாதை வந்துள்ளது. நீண்ட தமிழகக் கடலோரத்தில் இவை போதா. மக்கள் திரளும் ஒவ்வொரு கடற்கரையிலும் மரப்பாதை ஒன்று வேண்டும் என்பது எங்கள் கருத்து. புயலுக்கு அஞ்சிப் பாதை அமைக்காதிருப்பதைவிட, புயலுக்குப்பின் செப்பனிடுவதற்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்குவதே முறை.

பாதை இருந்தும் வழி கிடைக்காத மாலைகளும் உண்டு. நலமுள்ளோர் அங்கு நின்று படம் எடுத்துக்கொள்வதை நாங்கள் குறை கூறவில்லை. சக்கர நாற்காலி வரும்போது ஒதுங்காமல் நிற்பதையே குறை கூறுகிறோம். நாற்காலியைத் தள்ளி வரும் மகன் ஒவ்வோர் அடிக்கும் "கொஞ்சம் வழிவிடுங்கள்" என்று கெஞ்சும்போது, அமர்ந்திருப்பவர் தம்மைச் சுமையென எண்ணித் தலைகுனிகிறார்.

இனி, செல்லும் முறை. சித்திரை, வைகாசி வெயிலில் காலை எட்டு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். அல்லது மாலை ஐந்துக்குப் பின் செல்ல வேண்டும். நம் கடல் கிழக்கே இருப்பதால் காலையில் வெயில் முகத்தில் அடிக்கும். மாலையில் சூரியன் முதுகுப்புறம் இருக்கும். கண் அறுவை முடிந்தவர்களுக்கு மாலையே இதம். புற்றுநோய்ச் சிகிச்சையால் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் கூட்டமற்ற காலையில் செல்க. வெட்டி வைத்த மாங்காயையும் திறந்து வைத்த தின்பண்டங்களையும் தவிர்க்க. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலுடன் மணலில் நடக்கலாகாது; சுடுவது தெரியாமலே கொப்புளம் கண்டுவிடும். வீடு திரும்பியதும் விரலிடுக்குகளைப் பாருங்கள். இன்சுலினை வெயிலில் நிற்கும் காரில் விட்டுச் செல்லாதீர்கள்.

இளநீரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கோடைக்கு அதைவிடச் சிறந்தது இல்லை என்பது நம் நம்பிக்கை. ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி; சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கும் டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கும் இதயத்துடிப்பையே குலைக்கக்கூடும். உபசாரமாக உறவினர் நீட்டினாலும் மறுத்துவிடுங்கள். இதய நோய்க்காக நீர் பிரியும் மாத்திரை உட்கொள்வோர், வெயில் நாளில் நீரின் அளவையும் மாத்திரையின் அளவையும் மருத்துவரிடம் முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும். காய்ச்சல் இருப்பவர்களும் ஆறாத புண் உள்ளவர்களும் இப்போதைக்குச் செல்ல வேண்டாம். மெரினாவில் கடலில் இறங்குவது எவருக்குமே ஆபத்து.

அடுத்த முறை சிகிச்சைக்கு வரும்போது, "கடற்கரைக்குப் போகலாமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். போகலாம் என்றால் எந்த நேரம், எவ்வளவு நேரம் என்று எழுதித் தருகிறோம். கூடாதென்றால் எப்போது மறுபடி கேட்கலாம் என்பதையும் எழுதித் தருகிறோம்.

அந்த அம்மையார் சென்ற மாதம் போய் வந்தார். மருமகள் நாற்காலியைத் தள்ளிச் சென்றாராம். பாதையின் முனையை அடைந்ததும் அம்மையார், "நான் இவர்களோடு இருக்கிறேன், நீ போய்க் காலை நனைத்துவிட்டு வா" என்று மருமகளை அனுப்பிவிட்டுப் பேரப்பிள்ளைகளோடு அரை மணி நேரம் அமர்ந்திருந்தார். மூன்று ஆண்டுகளில் மருமகள் தனியாக நடந்த முதல் அரை மணி நேரம் அது.