கடைமடைக்கு எவர் பொறுப்பு?

2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டனர். மறுநாளே ஒன்றிய அரசு சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அக்கொலைகளைத் தயக்கமின்றிக் கண்டிக்கிறோம். ஆயினும், தண்ணீரைத் தண்டனையாக்குவதை ஏற்க இயலாது. பொதுக்குளத்து நீருக்காக 1927இல் மகாடில் திரண்டவர்களின் வழிவந்தோர் நாம்.

1960 செப்டம்பர் 19 அன்று கராச்சியில் கையெழுத்தான இவ்வொப்பந்தம் ராவி, பியாஸ், சட்லஜ் ஆறுகளை இந்தியாவுக்கும், சிந்து, ஜீலம், செனாப் ஆறுகளைப் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கும் ஒதுக்கியது. ஒருதலைப்பட்சமாக நிறுத்திவைக்க அதில் வழியே இல்லை. இரு அரசுகளும் அதற்கெனச் செய்துகொள்ளும் மற்றோர் ஒப்பந்தத்தால் மட்டுமே இது முடிவுக்கு வரும் என்கிறது 12ஆம் பிரிவு. 1965, 1971 போர்களின்போதும் இது முறிக்கப்படவில்லை.

ஆற்றை அப்படியே நிறுத்திவிட முடியாது என்பது அரசுக்கும் தெரியும். செனாப் மீதுள்ள பக்லிஹார், சலால் அணைகள் ஓடும் நீரில் மின்சாரம் எடுப்பவை. பருவவெள்ளத்தைத் தேக்கும் கொள்ளளவு அவற்றுக்கு இல்லை. நீர் வரும் நேரத்தை அவற்றால் மாற்ற இயலும், தகவலை மறைக்க இயலும். விதைப்புக் காலத்தில் அதுவே போதும். 2025 ஆகஸ்டில் தாவி ஆற்றில் வெள்ளம் பெருகியபோது, ஆணையத்தின் வழியாக அன்றி, தூதரகத்தின் வழியாக 'மனிதாபிமான அடிப்படையில்' எச்சரிக்கை அனுப்பப்பட்டது. ஒப்பந்தக் கடமை கருணையாகிவிட்டது. கிணற்றடியில் பிறர் ஊற்றும் நீருக்காகக் கைகுவித்து நின்ற தலைமுறைகளுக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

இதன் சுமை எவர்மேல் விழும்? தென் சிந்து மாகாணத்தின் உமர்கோட், மீர்பூர்காஸ், பதின் மாவட்டங்களில் நிலவுடைமையாளர் வயலில் வாரத்துக்கு உழும் 'ஹாரி'களில் பலர் கோலி, பீல், மேக்வார் சமூகத்தினர். பாகிஸ்தானிலும் பட்டியல் சாதியினர். வாய்க்காலின் தலைப்பில் செல்வாக்குள்ளோர் நிலம். கடைமடையில் மிஞ்சியதே நீர். விளைச்சல் பொய்த்தால், வாங்கிய முன்பணம் கழியாது. கடன் அடுத்த பருவத்துக்கு ஏறும். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் அங்கு 1992இலேயே வந்தது, பிணைப்பு ஒழியவில்லை. இஸ்லாமாபாத்தின் கண்டன அறிக்கைகளிலும் இவர்களுக்கு இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

ஒப்பந்தம் புனிதமானதன்று. பருவநிலை மாற்றமோ நிலத்தடி நீரோ அறியாத காலத்து ஆவணம் அது. திருத்தம் கோரி 2023இலும் 2024இலும் இந்தியா அனுப்பிய அறிவிக்கைகளில் நியாயம் உண்டு. ஆனால் திருத்தம் பேசுவதற்கு மேசை வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் கூடவேண்டிய நிரந்தர சிந்து ஆணையம், நிறுத்திவைப்புக்கு முன்பே, 2022 மே மாதத்துக்குப் பின் கூடாமல் இருந்தது. அது உடனே கூட வேண்டும். நீரளவுத் தகவல் பரிமாற்றம் மீண்டும் தொடங்க வேண்டும். திருத்தப் பேச்சில் கடைமடை உழவரின் பங்கு எழுத்தில் இடம்பெற வேண்டும்.