பத்து சதவீதம் பத்தாது

“ஒப்புமை பத்து சதவீதத்துக்குள் வந்துவிட்டால் போதும், அடிக்குறிப்பெல்லாம் சடங்கு.” ஆய்வு மாணவர்களிடம் இந்த நம்பிக்கை வேரூன்றிவிட்டது. நெறியாளர்கள் சிலரும் இதையே ஓதுகிறார்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதி, 10 சதவீதம் வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்கிறது. தண்டனை இல்லை என்பதைத் தரச்சான்றாக எடுத்துக்கொண்டால் எப்படி? ஒப்புமையை அளக்கும் மென்பொருள் பார்ப்பது, ஆய்வேட்டின் வரிகள் பிற எழுத்துகளோடு ஒத்துப்போகின்றனவா என்பதை மட்டும்தான். கண்ணால் காணாத நூலைக் கண்டதாகப் போட்டாலும், பதிப்பாண்டை மாற்றி எழுதினாலும் அதற்குத் தெரியாது. இல்லாத நூலுக்குப் பக்க எண் கொடுத்தால் ஒப்புமை பூஜ்யம்! 2023இல் நியூயார்க் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி புனைந்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்டி 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளானார்கள். திருட்டு எதுவும் அதில் இல்லை, பொய் இருந்தது.

அடுத்த வாதம்: “யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்?” இதற்குக் கல்லிடைக்குறிச்சியே பதில். இங்குள்ள குலசேகரமுடையார் கோயில் நடராஜர் 1982இல் திருடுபோனார். துப்புக் கிடைக்காமல் வழக்கும் முடங்கியது. சிலையை 2001இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் உள்ள தெற்கு ஆஸ்திரேலியக் கலைக்கூடம் விலைக்கு வாங்கியது. இது எந்த ஊர் நடராஜர் என்பதை நிறுவ உதவியது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படம். படத்தை எடுத்து வைத்ததோடு நிற்காமல், எந்த ஊர், எந்தக் கோயில் என்றும் பதிந்து வைத்திருந்தார்கள். 2019இல் சிலை நாடு திரும்பியது. ‘தென்தமிழக நடராஜர்’ என்று பொதுவாக எழுதி வைத்திருந்தால் அந்தப் படத்தை வைத்து யார் எதை நிரூபித்திருக்க முடியும்? நம் ஆய்வேடுகளோ “இக்கோயில் கல்வெட்டு கூறுகிறது” என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. எந்தக் கல்வெட்டு? கல்வெட்டு ஆண்டறிக்கையின் ஆண்டையும் வரிசை எண்ணையும் போட அரை வரி போதும். அந்த அரை வரிக்குத்தான் பஞ்சம்.

“இதெல்லாம் வெள்ளைக்காரன் வழக்கம்” என்பது மூன்றாவது வாதம். தொல்காப்பியரே ‘புலவர்’ என்று பொதுவாகத்தானே சொன்னார் என்பார்கள். சொன்னார்தான், கேட்டவர்களுக்கு அந்த மரபு தெரிந்திருந்தது. ஆனால் மூலத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பதும் நம் வழக்கம்தான். வளையாபதியை எடுத்துக்கொள்ளுங்கள். முழு நூல் நம் கைக்கு வரவில்லை. இன்று கிடைக்கும் சுமார் 70 பாடல்களில் பெரும்பாலானவை புறத்திரட்டு என்னும் தொகுப்பு நூல் தந்தவை. தொகுத்தவர் நூற்பெயரையும் சேர்த்துக் குறித்ததால்தான் அவை வளையாபதிப் பாடல்கள் என்று நமக்குத் தெரிகிறது. உ.வே.சாமிநாதையர் ஏடு கொடுத்தவர்களின் பெயர்களை முன்னுரையில் எழுதினார். உரைகளில் வரும் மேற்கோள்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று தேடி எடுத்தார். பிடிபடாதவற்றை ‘விளங்கா மேற்கோள்’ என்று தனியே பட்டியலிட்டார். தெரியாததைத் தெரியாது என்று அச்சில் ஏற்ற அவர் கூசவில்லை.

“துணைநூற்பட்டியல் இருக்கிறதே” என்ற சமாளிப்பும் உண்டு. எந்தக் கூற்று எந்த நூலில் இருக்கிறது என்று பட்டியல் சொல்லாது. பதிப்பாண்டு இல்லாத ‘ப. 45’ஆல் பயனில்லை. புறநானூறு என்றால் பாட்டெண், சிலம்பு என்றால் காதையும் அடியும் கொடுங்கள். எந்தப் பதிப்பிலும் தேடி எடுக்கலாம்.

வாய்மொழித் தேர்வுக்குப் போகும் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒப்புமை அறிக்கையை மூடிவைத்துவிட்டு, பட்டியலிலிருந்து மூன்று நூல்களைச் சுட்டி, “இவற்றை எங்கே பார்த்தீர்கள்?” என்று கேளுங்கள்.