வாதாடக் கற்கட்டும் வருங்கால வாக்காளர்!



பத்தாம் வகுப்பு மாணவனுக்கு வயது பதினைந்து. இன்னும் மூன்றே ஆண்டுகள். அவன் கையில் வாக்குரிமை! 21 ஆக இருந்த வாக்களிக்கும் வயதை 18 ஆக்கியது 61ஆவது அரசியல் சட்டத் திருத்தம்; ஆண்டு 1989. உரிமையை முன்கூட்டித் தந்தோம். அதனை ஆளும் திறனைத் தந்தோமா?

குடிமையியல் பாடம் இருக்கிறதே என்பீர். இருக்கிறது! சட்டமன்றத்தில் எத்தனை உறுப்பினர்? 234! மக்களவையில்? 543! கணீரென்று விடை வரும், மதிப்பெண்ணும் வரும். சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் கிடப்பில் போட்டால் என்ன வழி என்று கேளுங்கள். வகுப்பறை வாயடைத்து நிற்கும்.

தமிழ்நாட்டின் 10 மசோதாக்களுக்காக நாடே கேட்ட கேள்வியன்றோ அது! 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், அவை ஒப்புதல் பெற்றனவாகவே கருதப்படும் என்றனர். அதே ஆண்டு நவம்பரில், குடியரசுத் தலைவரின் வினாக்களுக்கு விடையளித்த ஐந்து நீதிபதிகள், ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க இயலாது என்றனர். இரண்டையும் மாணவர் முன் வையுங்கள். ஒரு பாதியினர் மாநில உரிமைக்காக வாதாடட்டும். மறுபாதியினர் ஆளுநருக்காக வாதாடட்டும். அடுத்த வாரம் அணி மாறட்டும்!

"ஆளுநருக்காக நம் வீட்டுப் பிள்ளைகள் வாதாடுவதா?" எனச் சீறும் தோழரே, சற்றே பொறுத்திடுக! மாற்றான் வாதத்தை அவனினும் செம்மையாக எடுத்துரைக்கத் தெரிந்தவனே அதனை வீழ்த்த வல்லவன். நமது கொள்கையை இன்று நாம் பாடநூலில் திணித்தால், நாளை அரியணை ஏறுவோன் தன் கொள்கையை அங்கே திணிப்பான். அன்று தடுத்துப் பேச நமக்கு நா எழுமோ?

டெல்லிப் பள்ளிகளில் இளைஞர் நாடாளுமன்றப் போட்டி 1966-67இல் தொடங்கிற்று. நன்முயற்சியே! ஆயினும் போட்டி என்றால் ஒரு குழு பேசும், ஏனையோர் கைதட்டுவர். நாடகம் எழுதுவோன் நான். மனப்பாடம் செய்த வசனத்திற்கும் மனத்திலே பிறந்த வாதத்திற்கும் உள்ள தொலைவை அறிவேன். எல்லா மாணவரும் பேச வேண்டும். வாரம் ஒரு மணி நேரமேனும் பேச வேண்டும்.

அரசு ஆணைக்காகக் காத்திருப்பானேன்? படிப்பகங்களிலே வளர்ந்த இயக்கம் நமது. ஞாயிறுதோறும் அங்கே மாணவர்க்கு வாதமேடை அமைத்திடுக! எல்லா ஏடுகளையும் அடுக்கிடுக. நம்மை ஏசும் ஏட்டையும் சேர்த்தே!

அங்கே பயின்றவன் ஒருநாள் நம்மை நோக்கியே கணை தொடுப்பான். தொடுக்கட்டும்! விடையளிக்க ஆயத்தமாவோம்.