கத்தரிக்கோலில் விரிந்த கடல்

கை தளர்ந்தால் கலையும் தளர்ந்துவிடும் என்று நாம் எண்ணுகிறோம். முதுமையும் நோயும் ஒருவரைக் கட்டிலில் கிடத்திவிட்டால், இனி அவரால் ஆவது ஒன்றுமில்லை என்று வீட்டாரே முடிவு செய்துவிடுவதும் உண்டு. அம்முடிவு எத்துணை அவசரமானது என்பதைப் பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸின் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.

1869ஆம் ஆண்டு வட பிரான்சில் பிறந்த மத்தீஸ், நெசவுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற பொஹேன் என்னும் ஊரில் வளர்ந்தார். அவருடைய முன்னோரும் நெசவாளரே. ஆயினும் அவருக்குப் புகழ் தந்தது வண்ண ஓவியம். 1930ஆம் ஆண்டு, தமது அறுபதாம் வயதில், பசிபிக் பெருங்கடலிலுள்ள தாஹித்தித் தீவுக்குச் சென்றார். அப்பயணத்தின்போது பவளத் தீவொன்றின் தெளிந்த காயலில் மூழ்கி, மீன்களையும் பவளங்களையும் கண்ணாரக் கண்டார்.

1941இல் வயிற்றில் பெரும் அறுவைச் சிகிச்சை நடந்தது. உயிர் தப்பினார், ஆனால் முன்போல் நெடுநேரம் நின்று ஓவியம் தீட்ட இயலவில்லை. அவரோ சோர்ந்துவிடவில்லை. கத்தரிக்கோலைக் கையிலெடுத்தார்.

1946இல் பாரிஸ் இல்லத்தில் ஒரு நாள், வெள்ளைத் தாளில் தைலான் குருவி ஒன்றை வெட்டினார். அதனை எறிய மனமின்றி, சுவரிலிருந்த கறையை மறைக்க ஒட்டச் செய்தார். பின்னர் மீன், பவளம், கடற்பாசி, பறவை என ஒவ்வொன்றாய்ச் சேர்ந்து சுவரே கடலாயிற்று. பதினாறு ஆண்டுகளுக்கு முன் கண்டவை நெஞ்சிலிருந்து வெளிவந்தன! லண்டனில் துணி அச்சிடும் தொழில் நடத்திய ஜீக்கா ஆஷர் என்பவர் அவ்வடிவங்களை மணல் நிற லினன் துணியில் வெண்மையாகப் பதித்தார். ‘ஓஷனியா: கடல்’, ‘ஓஷனியா: வானம்’ எனப் பெயர்பெற்ற அவ்விரு திரைகளும் ஏறத்தாழ 12 அடி அகலமுள்ளவை, ஒவ்வொன்றிலும் 30 படிகள் அச்சாயின.

அத்துடன் அவர் ஓயவில்லை. நோயுற்ற காலத்தில் அவருக்குப் பணிவிடை செய்த இளம்பெண் ஒருவர் பின்னர் தொமினிக்கன் சபைக் கன்னியரானார். அத்தொடர்பின் வழியாக, வான்ஸ் என்னும் ஊரில் அச்சபைக் கன்னியருக்காகச் செபமாலை அன்னை சிற்றாலயத்தை மத்தீஸ் உருவாக்கினார். குருக்கள் அணியும் திருப்பலி உடைகளையும் வண்ணத் தாள்களை வெட்டியே வடிவமைத்தார். 1951 ஜூனில் அவ்வாலயம் அர்ச்சிக்கப்பட்டபோது, உடல்நலக் குறைவால் அவரால் அங்குச் செல்ல முடியவில்லை. 1954இல் காலமானார்.

நம் இல்லங்களிலும் திண்ணையிலோ கட்டிலிலோ முதியோர் இருக்கின்றனர். அவர்கள் கண்ட கடல் எது, கற்ற தொழில் எது என்று நாம் என்றேனும் கேட்டதுண்டா? மருந்தும் உணவும் தருவதோடு நம் கடமை முடிவதில்லை. அவர்களுடைய கைக்கு ஏற்றதொரு வேலையையும், அதனைப் பாராட்டும் ஒரு சொல்லையும் இன்றே தருவோமாக.