பிக்சலைக் கேக்குறாங்க, லென்ஸைக் கேக்க மாட்டேங்குறாங்க!

மாமா வேலை பார்க்கிற நூல் மில்லில் போன வருஷம் ஒரு கூத்து. இன்சூரன்ஸுக்கு வேணும்னு தெர்மல் கேமராக்காரர் ஒருத்தரை வரவழைத்து, கரண்ட் சமாச்சாரம் எல்லாத்தையும் படம் பிடித்தார்கள். ரிப்போர்ட் கலர் கலரா, ஸ்பைரல் பைண்டிங்கோட வந்தது. "எல்லாம் நார்மல்." மூணாவது வாரம், யார்டில் கம்பத்து மேல இருந்த ஒரு கிளாம்ப் உருகி, ஒயர் அறுந்து விழுந்தது. ஒன்றரை நாள் மில் நின்றது. தினக்கூலிக்கு வருகிற அக்காக்களுக்கு அந்த ஒன்றரை நாளும் கூலி கிடையாது.

"டப்பா கேமரா"ன்னு எல்லாரும் திட்டினார்கள். கேமரா மேல தப்பே இல்லை மக்களே. தப்பு லென்ஸில்.

கணக்கு போடுவோம் (பி.காம்.காரனுக்கு வேறென்ன தெரியும் :-)). அகலத்தில் 320 பிக்சல், 24 டிகிரி லென்ஸ். வேலிக்கு வெளியே 12 மீட்டர் தள்ளி நின்றால், ஒரு பிக்சலுக்குள் விழுவது கிட்டத்தட்ட 1.6 செ.மீ. வெப்பநிலையை நம்பிப் படிக்கக் குறைந்தது 3×3 பிக்சலாவது வேண்டும். அதாவது 4.7 செ.மீ. சதுரம். கிளாம்போ 2 செ.மீ.தான். மிச்ச இடத்தில் என்ன இருக்கும்? வானம்! தெளிந்த வானம் இந்தக் கேமராவுக்கு ஐஸ்கட்டி மாதிரி தெரியும். கொதிக்கிற கிளாம்பையும் குளிர்ந்த வானத்தையும் சேர்த்து சராசரி போட்டால் "நார்மல்" வராமல் வேறென்ன வரும்?

அதே கேமராவில் 7 டிகிரி டெலி லென்ஸ் போட்டிருந்தால் அந்தச் சதுரம் 1.4 செ.மீ. ஆகியிருக்கும். கிளாம்ப் மாட்டியிருக்கும்.

"ஜூம் இருக்கே"ன்னு சொல்லாதீங்க. டிஜிட்டல் ஜூம் இருக்கிற பிக்சலைத்தான் பெரிசாக்கும், புதுசா எதையும் பார்க்காது. அதுக்காக டெலி லென்ஸ்தான் உசத்தின்னும் இல்லை. பேனல் போர்டு முன்னாடி 1 மீட்டரில் நின்றால் 7 டிகிரி லென்ஸுக்கு 12 செ.மீ. அகலம்தான் தெரியும். அங்கே 45 டிகிரி வேணும்.

லென்ஸ் விலை ஜாஸ்திங்கிறது உண்மை. சாதாரணக் கண்ணாடி இந்த வெப்பக்கதிரை உள்ளே விடாது, அதனால பெரும்பாலும் ஜெர்மேனியம்தான். 2023 ஆகஸ்டில் சீனா அதன் ஏற்றுமதிக்கு லைசென்ஸ் கட்டாயமாக்கிய பிறகு விலை இன்னும் ஏறியது. மலிவா கொடுக்கிறவர் எங்கே கை வைக்கிறார்னு பாருங்க: எஃப் 1.0 லென்ஸுக்குப் பதில் எஃப் 1.4 வந்தால், சென்சாருக்குப் போகிற கதிர் பாதியாகிவிடும்.

ஆனா நம்ம ஆபீஸ்களில் கம்பாரட்டிவ் ஸ்டேட்மென்ட் எப்படிப் போடுறாங்க? பிக்சலுக்கு ஒரு காலம், விலைக்கு ஒரு காலம். லென்ஸுக்குக் காலமே கிடையாது. எதை, எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கப் போறோம், அது எவ்வளவு சின்னது? இந்த மூணையும் கேட்காமல் குறைஞ்ச கொட்டேஷனில் கையெழுத்து போடுவதற்குப் பேர் சிக்கனமா? காஸ்ட் அக்கவுண்டிங்கில் இதை ஃபெயிலியர் காஸ்ட்னு படிக்கிறோம். பரீட்சையில் அது 2 மார்க். மில்லில் அதைக் கட்டினது அந்த அக்காக்கள். கையெழுத்து போட்டவர் சம்பளத்தில் ஒரு பைசா குறையலை.

டிஸ்கி: நான் இன்ஜினியர் இல்லை. கணக்கில் தப்பிருந்தால் சொல்லுங்க, திருத்திக்கிறேன். கையெழுத்து போட்டவருக்கு வக்காலத்து வாங்க மட்டும் வராதீங்க.